கலம் பதினேழு

சேற்றுக்கோடு முதல் வீட்டில் என் இடுப்புக்கு இருந்தது,
மூன்றாவது வீட்டில் கழுத்துக்கு.
கவுண்டன்ய ஆற்றங்கரைத் தெரு முழுக்க
ஒரே பென்சிலால் யாரோ இழுத்துக்கொண்டே போனதுபோல்.
நான் டேப்பைப் பிடிக்க
உதவியாளர் ஏகாம்பரம் எண்ணைப் படித்தார்:
நூற்று இருபத்தெட்டு. நூற்று நாற்பத்தொன்று.
மோர்தானா நிரம்பி வழிந்து ஆறாவது நாள்.
குடியாத்தத்தில் உலரவே உலராத வாடை.

சேதப் படிவத்தில் பதினேழு கலங்கள்.
குடும்பத் தலைவர். கூரை வகை. கறவை மாடு, கறவை வற்றிய மாடு.
கோழி எத்தனை.
பதினாறு வரை அரசு கேட்கிறது.
பதினேழு, குறிப்புகள். அரை அங்குல அகலம்.
கலம் என்றால் கப்பல் என்றும் படித்திருக்கிறேன்;
அன்று நினைவுக்கு வரவில்லை.

பூங்காவனம் ஷூ மேல்தோல் தைப்பவள்,
ஜோடிக்குப் பதினொன்றரை ரூபாய்.
அவள் வீட்டு உத்தரத்தில் கிணற்றுக் கப்பி தொங்கியது,
ஏழு தோல்வாரை முறுக்கிய கயிறு,
கயிற்று நுனியில் ஒரு பலகை.
"இன்னாம்மா இது?"
"மெஷினத் தூக்கறதுக்கு சார்.
போன தபா வெள்ளத்துல மோட்டார் போச்சு.
இப்ப ஆறு வந்தா நான் இழுப்பேன், அது மேல போயிடும்."
மெஷின் எங்கே என்றேன்.
வாசலில் சேறு மூடிய ஒரு மேட்டைக் காட்டினாள்.

தையல் இயந்திரம் ஒன்று, முழுச் சேதம் என்று எழுதினேன்.
பதினேழில், சொந்தக் கப்பி அமைப்பு உள்ளது.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்து முறைத்ததை
நான் கவனிக்கவில்லை.
அடுத்த வீடு நூற்று நாற்பத்தாறு.

மாசியில் கூட்டம், வேலூர் சத்துவாச்சாரியில்,
குளிரூட்டிய அரங்கம், முந்திரி பிஸ்கட்.
திரையில்: புத்தாக்கம் வழியே வளர்ச்சி, மீட்சி வழியே முதலீடு.
இலக்குத் தொகையின் சுழியங்களை இரண்டு முறை எண்ணினேன்,
இரண்டு விடை வந்தது.
ஆற்றில் நாற்பது உணரிக் கம்பங்கள்,
தோல் தொழிலுக்குப் புத்தொழில் மையம்,
வட்டியில்லாக் கடன், டிரோன்.
வீண் பேச்சு என்று சொல்ல மாட்டேன்.
உணரி நாலு மணி நேரம் முன்னால் கத்தினால்
நாலு மணி நேரம் என்பது ஒரு தெரு.

சென்னையிலிருந்து வந்த இணைச் செயலாளர்
பட்டியலை ஓட்டிக்கொண்டே வந்தவர்
முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரிசையில் விரலை நிறுத்தினார்.
"இந்தக் கப்பி எத்தனை கிலோ தாங்கும்?"
அரங்கம் என்னைப் பார்த்தது.
"கப்பி இருந்தும் மெஷின் போயிருக்கிறதே,
அப்போது அது வேலை செய்யவில்லையா?"

ரேஷன் கடைக்காரரிடம் தொங்கு தராசு இரவல் வாங்கி
சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போனேன்.

பூங்காவனம் சிரித்தாள்.
"வேலை செய்யாம? ஜம்முனு செஞ்சுது.
பக்கத்து வூட்டு அமானுல்லா பாய்க்கு ஒரு பக்கம் வராது.
பொண்டாட்டி ஆம்பூர்ல. தண்ணி முட்டிக்கு மேல.
மெஷினக் கீழ தள்ளிட்டு பாயத் தூக்கி உக்கார வெச்சு இழுத்தேன்.
ஒரு கப்பிதானே கீது சார்."

விடியும்வரை ஓட்டுக்குக் கீழே தொங்கியிருக்கிறார்,
கால் நுனியைத் தண்ணீர் நக்க.
பாதி வாயால் ஒரே கேள்வியாம் இரவு முழுக்க,
மெஷின் பத்திரமா, மெஷின் பத்திரமா என்று.
ஆமா பாய் என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்,
மெஷின் மேலேயே ஏறி நின்றுகொண்டு.

தராசைக் கப்பிக்கும் பலகைக்கும் நடுவே மாட்டினோம்.
பாய் தானே வருவதாகச் சொல்லி
ஏகாம்பரத்தின் தோளில் நொண்டி வந்து உட்கார்ந்தார்.
லுங்கியைச் சரிசெய்துகொண்டார், போட்டோவுக்குப் போல.
கயிறு முனகியது. முள் ஆடி நின்றது.

மறுநாள் சென்னைக்கு எழுதிய பதில்:
பலகையோடு சேர்த்து ஐம்பத்தாறரை கிலோ தாங்கியது.
பொருள் நன்றாக வேலை செய்கிறது.
மெஷின் வைத்துச் சோதிக்க இயலவில்லை,
மெஷின் இல்லை.
ஒன்று அனுப்பினால் சோதித்துத் தெரிவிக்கப்படும்.
கூடவே இன்னொரு கப்பியும்.